டாரின் பக்கமா, ஜூட் பக்கமா?

'தி க்ரூயல் ப்ரின்ஸ்' படிச்சவங்க இந்த இதழை வாசிக்கிறவங்கள்ல எத்தனை பேர் இருப்பீங்க? எங்க ஹாஸ்டல் கணக்கை வெச்சுப் பார்த்தா கொஞ்சம் பேராவது இருப்பீங்க. படிக்காதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தக் கட்டுரை முழுக்க ஸ்பாய்லர்தான். கதையைச் சொல்லாம இதை எழுத முடியாது. படிக்கணும்னு பிளான் வெச்சிருக்கிறவங்க படிச்சுட்டு வாங்க, நான் எங்கேயும் போயிட மாட்டேன்.

மத்தவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஹோலி ப்ளாக் எழுதி 2018ல வந்த நாவல் இது. 'ஃபோக் ஆஃப் தி ஏர்' வரிசையில முதல் புத்தகம். அடுத்த ரெண்டும் 2019ல வந்துச்சு. சின்ன வயசுல 'ஸ்பைடர்விக்' பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் ஞாபகம் இருக்கலாம், அந்தப் புத்தக வரிசையை எழுதின ரெண்டு பேர்ல இவங்களும் ஒருத்தர். ஜூட், டாரின்னு ரெட்டைப் பிள்ளைங்க, மனுஷப் பிள்ளைங்க. ஏழு வயசுல அவங்க அம்மா அப்பாவைக் கண்ணு முன்னாடியே ஒரு ஃபேரி தளபதி கொன்னுட்டு, பிள்ளைங்களைத் தன்னோட ராஜ்யத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுறான். அங்கேயே, அவன் வீட்லயே வளருறாங்க. பதினேழு வயசு ஆகுது. சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் அழகு, எல்லாரும் சாகாவரம் பெத்தவங்க மாதிரி. இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் வயசாகும், காயம் படும், அழுகை வரும். இளவரசன் கார்டனும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் இவங்களை ராகிங் பண்றாங்க. ராகிங்னுதான் சொல்லணும், வேற வார்த்தை பொருந்தாது.

தேவதைன்னு எழுதலாமேன்னு எடிட்டர் கேட்டாங்க. எனக்கு மனசு வரல. தேவதைன்னா நமக்கு வெள்ளைப் புடவையும் வரம் குடுக்கிற கையும்தான் ஞாபகம் வரும். இந்த ஃபேரிங்க அப்படி இல்ல. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகள்ல இருந்து வந்தவங்க. நம்ம ஊர் முனி, மோகினி பக்கம்தான் இவங்களுக்குச் சொந்தக்காரங்க. இரும்பு ஆகாது. உப்பு இருந்தா அவங்க மாயம் செல்லாது. அவங்க குடுக்கிற பழத்தைத் தின்னா மனுஷனுக்குப் புத்தி மயங்கிடும். எல்லாத்துக்கும் மேல ரெண்டு சட்டம் இருக்கு. ஒண்ணு, அவங்களால பொய் சொல்ல முடியாது. ரெண்டு, குடுத்த வாக்கை மீற முடியாது.

இதுல முதல் சட்டத்தைக் கேட்டதும் "அட, எவ்வளவு நல்லவங்க"ன்னு தோணும். நாவலே அந்த இடத்துலதான் நம்மளை மாட்டிவிடுது. பொய் சொல்ல முடியாதவன் நேர்மையானவனா இருக்கணும்னு அவசியமே இல்ல. உண்மையை மட்டுமே வெச்சு ஆளை ஏமாத்துறதுல அவங்க கில்லாடி. கேட்ட கேள்விக்குப் பக்கத்துல இருக்கிற வேற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுவாங்க. பாதி சொல்லி நிறுத்திடுவாங்க. நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்களோ அது உங்க பொறுப்பு.

இந்தப் புத்தகம் எங்க ஹாஸ்டல்ல ஒரே ஒரு காப்பிதான். ஐடி டிபார்ட்மென்ட் பொண்ணு ஒருத்தி பழைய புத்தகக் கடையில வாங்கினது. முன்னட்டை கிழிஞ்சு, செலோடேப் போட்டு, ஏழு பேர் கை மாறிச்சு. ஆறாவது செமஸ்டர் முழுக்க மெஸ்ல இதான் பேச்சு. நாங்க எல்லாரும் இங்கிலீஷ் மீடியம், படிச்சதும் இங்கிலீஷ்ல. ஆனா சண்டை வந்தா எல்லாரும் தமிழுக்கு மாறிடுவோம். கார்டனைப் பத்தின சண்டைகளை இங்க எழுதப் போறதில்ல, அதுக்கு ஒரு தனி இதழ் போடணும். நான் எழுத வந்தது, இது நட்பைப் பத்தின நாவலா இல்லையாங்கிற சண்டையைப் பத்தி.

மெக்கானிக்கல் தோழி ஒருத்தியோட கட்சி: "இதுல எங்கடி நட்பு இருக்கு? ஜூட்டுக்கு ஃப்ரெண்டே கிடையாது. இருக்கிறது எல்லாம் எதிரி, இல்லைன்னா அலையன்ஸ்." அவ சொல்றதுல பாயிண்ட் இருக்கு. கார்டன், நிகேசியா, வேலரியன், லாக் நாலு பேரும் எப்பவும் ஒண்ணாவே சுத்துறாங்க. வெளியில இருந்து பார்த்தா செம கேங். உள்ள பார்த்தா ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை துளியும் கிடையாது. ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் பயப்படுறதாலதான் அந்த கேங் நிக்குது.

தூத்துக்குடிக்காரி ஒருத்தி இதை ஒத்துக்கல. "அந்த ஸ்பை கூட்டத்தை மறந்துட்டியா?"ன்னா. ஜூட் ஒரு கட்டத்துல இளவரசன் டெய்னுக்கு உளவாளியா சேருறா. அங்க ரோச், பாம், கோஸ்ட்னு பட்டப் பேரோட மூணு பேர். சுரங்கத்துல ஒளிஞ்சு வாழுறவங்க. ஜூட்டுக்குப் பூட்டு உடைக்க, சத்தமில்லாம நடக்கச் சொல்லிக் குடுக்கிறாங்க. "ராஜ வீட்ல கிடைக்காத மரியாதை அவளுக்கு அந்தச் சுரங்கத்துல கிடைச்சுச்சு. ஒண்ணா வேலை செஞ்சு வர்றதுதான் நட்பு, நம்ம ப்ராஜெக்ட் டீம் மாதிரி"ன்னு அவ சொன்னப்போ எல்லாரும் சிரிச்சோம். எங்க ப்ராஜெக்ட் டீம் அப்போ மூணா உடைஞ்சு கிடந்துச்சு.

ஆனா ஏழு பேரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினது டாரினைப் பத்தித்தான்.

டாரின் கதை இது. லாக்னு ஒருத்தன், அந்த கேங்ல இருக்கிறவன், ஜூட்கிட்ட பிரியமா நடந்துக்கிறான். ஜூட்டும் நம்புறா. அந்தச் சமயம் முழுக்க அவன் ரகசியமா டாரினைக் கல்யாணம் பண்ணிக்கிறதா பேசி முடிச்சிருக்கான். டாரினுக்கு அவன் வெச்ச சோதனை: "நான் உன் அக்கா தங்கச்சி யாரோட பழகினாலும் நீ வாயைத் திறக்காம பொறுத்துக்கணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது." டாரின் சம்மதிக்கிறா. ஒரே வீடு, கூடப் பிறந்த பொறப்பு, தினமும் முகத்தைப் பார்த்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லல. விஷயம் வெளிய வந்ததும் ரெண்டு பேரும் வாள் எடுத்துச் சண்டை போடுறாங்க.

"சொல்லியிருக்கணும். முடிஞ்சுது." இது ஜூட் கட்சி. நானும் அதுல.

"வாக்கு குடுத்துட்டா. அந்த ஊர்ல வாக்குன்னா என்னன்னு அவளுக்குத் தெரியும். ஜூட்டுக்கு வாள் இருக்கு, டாரினுக்கு என்ன இருக்கு? அந்தக் கல்யாணம் ஒண்ணுதான் அவ பிழைக்கிற வழி." இது டாரின் கட்சி. இதைச் சொன்னது என் ரூம்மேட். முதல் வருஷத்துல இருந்து என்கூட இருக்கிறவ. பேர் வேண்டாம், இதை அவளும் படிப்பா.

அவ அதோட விடல. ஆத்துல தள்ளிவிடுற சீனை எடுத்தா. கார்டன் கூட்டம் ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளிவிட்டுட்டு, டாரின் மட்டும் வந்து அவனுக்கு முத்தம் குடுத்து ஜூட்டைக் கைவிட்டா கரை ஏறலாம்னு சொல்றான். ஜூட்டே "நீ போ"ங்கிறா. டாரின் போறா. "அங்க ஜூட் போகச் சொன்னா, அதனால தப்பில்ல. இங்க ஜூட்கிட்ட கேட்கவே வழியில்ல. ரெண்டு தடவையும் டாரின் பிழைக்கத்தான் பார்த்தா. முதல் தடவை மன்னிச்சீங்க, ரெண்டாவது தடவை ஏன் மன்னிக்கல?"

எனக்குப் பதில் இருந்துச்சு. ஆனா நான் சொல்ல வந்தது நாவலைப் பத்தி இல்லைன்னு எனக்கே தெரிஞ்சதால வாயை மூடிக்கிட்டேன். அவளுக்கும் அது தெரியும். மெஸ்ல மத்த அஞ்சு பேருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ஆஃப்-கேம்பஸ் ட்ரைவ் வந்துச்சு. கம்பெனி பேர் எதுக்கு, விடுங்க. காலேஜ் மூலமா வரல, ஒரு சீனியர் மூலமா என் ரூம்மேட்டுக்கு மட்டும் லிங்க் வந்துச்சு. "ரெஃபரல் லிமிட் இருக்கு, யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாத"ன்னு சொல்லி, அவளை ஒத்துக்க வெச்சுத்தான் அந்த சீனியர் அனுப்பினது. அந்த வாரத்துல நான் அவகிட்ட வழக்கம்போல கேட்டேன்: "ஏதாச்சும் ட்ரைவ் வந்துச்சாடி?" அவ சொன்னா: "காலேஜ் குரூப்ல ஒண்ணும் வரல."

பொய்யே இல்ல. காலேஜ் குரூப்ல நிஜமாவே ஒண்ணும் வரல.

லிங்க் க்ளோஸ் ஆகி மூணு நாள் கழிச்சு, அவ லேப்டாப்ல டெஸ்ட்டுக்கான மெயில் திறந்து கிடந்ததைப் பார்த்துதான் எனக்குத் தெரிஞ்சது. ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட். ஒரே சிஜிபிஏ மாதிரிதான். எங்க அப்பாவுக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்ல வேலை; விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போறவர். கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷத்துல எஜுகேஷன் லோன் கட்ட ஆரம்பிக்கணும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவ வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும், என் வீட்டைவிடக் கொஞ்சம் மோசம். முதல் ரவுண்டு பாஸ் பண்ணினா, ரெண்டாவதுல போயிடுச்சு. அதனால கடைசியில ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடைக்கல. கிடைச்சிருந்தா ஒருவேளை சண்டை போடவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

நாங்க சண்டை போடல. அதான் பிரச்சினை. ஒரே ரூம்ல, ஒரே பக்கெட்டைப் பகிர்ந்துக்கிட்டு, டாரினைப் பத்தியும் ஜூட்டைப் பத்தியும் மட்டும் பேசினோம்.

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனேன். எங்க ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கதை கேட்கிறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு காலத்துல அம்புலிமாமா விடாம வாங்கிப் படிச்சவ. கரண்ட் போன ஒரு ராத்திரி, முழு நாவலையும் தமிழ்ல சொன்னேன். இங்கிலீஷ்ல படிச்சதைத் தமிழ்ல சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. 'பார்கெய்ன்' வர்ற இடத்துல எல்லாம் 'பேரம்'னேன். ஆச்சி "பேரம்னா ரெண்டு பேரும் இறங்கி வரணும்லா? இங்க ஒருத்தி மட்டும்லா இறங்குதா"ன்னு கேட்டுட்டா. இங்கிலீஷ்ல படிக்கும்போது எனக்கு இது தோணவே இல்ல.

இரும்புன்னதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தா. "அங்கயும் இரும்புக்குப் பயப்படுமாக்கும்?" ராத்திரி கறிச்சோறு குடுத்துவிடும்போது தூக்குச்சட்டி மேல ஆணியோ கரித்துண்டோ வெச்சு அனுப்புற ஆள் அவ. உப்புன்னதும் தலையாட்டினா. கண்ணு பட்டா உப்பு சுத்திப் போடுறது எல்லா வீட்லயும் உள்ளதுதானே. ஆனா ஒரு வித்தியாசத்தை அவளே பிடிச்சா. அங்க ஃபேரி குடுக்கிறதைத் தின்னா அடிமை ஆயிடுவோம்னு பயம். இங்க ஒருத்தர் வீட்டு உப்பைத் தின்னா அவங்களை மறக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்க்கிறாங்க. தின்ன சோறு ரெண்டு ஊர்லயும் ஆளைக் கட்டிப் போடுது. அங்க அதைச் சாபம்னு சொல்றாங்க, இங்க நன்றின்னு சொல்றோம்.

டாரின் விஷயத்தைச் சொல்லி முடிச்சதும் கேட்டேன்: "நீயே சொல்லு ஆச்சி, யார் மேல தப்பு?"

அம்புலிமாமால வேதாளம் கதை படிச்சவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. விக்கிரமாதித்தன் தோள்ல தொங்கிக்கிட்டே கதை சொல்லி, கடைசியில "யார் செஞ்சது சரி? தெரிஞ்சும் சொல்லலைன்னா உன் தலை வெடிச்சிடும்"ங்கும். சொன்னா மௌனம் கலைஞ்சுடும், வேதாளம் திரும்பவும் மரத்துக்குப் போயிடும். வாசகர் கருத்துங்கிறதை நம்ம ஊர்ல கதைக்கு உள்ளேயே வெச்சுட்டாங்க. கதை முடிஞ்சு போச்சுன்னு மூடி வைக்க முடியாது, கருத்து சொல்லியே ஆகணும். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பதில் சொன்னாலும் ராஜாவுக்குப் பரிசு கிடையாதுங்கிறது. திரும்பவும் மரம் ஏறணும்.

ஆச்சி கொஞ்ச நேரம் விசிறிக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "ஏட்டி, வாக்கு குடுத்தவகிட்ட போயி அதை ஒடைன்னு சொல்ல முடியுமா? அவ காப்பாத்துனது தப்பில்ல. ஆனா ஒரு வாக்கு குடுக்கும்போது அதுக்கு யாரு வெல குடுக்கப் போறான்னு பாக்கணும்லா. தான் குடுக்க வேண்டிய வெலைன்னா குடுக்கட்டும். கூடப் பொறந்தவ தலையில விழுத வாக்கை எப்படிக் குடுத்தா?"

நான் ஜூட் கட்சி ஜெயிச்சுட்டதா நினைச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்ததைக் கேட்டா: "அது இருக்கட்டும். அந்தப் பயலை என்ன செஞ்சிய?"

"எந்தப் பய?"

"வாக்கு வாங்குனாம்லா, அவன்."

லாக். ஒரு செமஸ்டர் முழுக்க ஏழு பேர் மெஸ்ல கத்தியிருக்கோம். லாக்கைப் பத்தி ஒருத்தரும் ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேசினதில்ல. "அவன் அப்படித்தான், ஃபேரி"ன்னு சொல்லி விட்டுட்டோம். ரெண்டு பொண்ணுங்களை எதிரெதிரா நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தவனை விட்டுட்டு, ரெண்டு பொண்ணுங்கள்ல யார் கெட்டவன்னு ஓட்டு போட்டுக்கிட்டு இருந்தோம். நாவல்லயும் அப்படித்தான், அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வாளை உருவினது ஒருத்தி மேல ஒருத்தி.

இந்த இடத்துல எங்க ஊர்க் கதையைச் சொல்லாம இருக்க முடியல. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்களுக்கு இது பழசு. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

சங்கரன்கோவில் தலபுராணத்துல சங்கன், பத்மன்னு ரெண்டு நாகர்கள் வர்றாங்க. நாக ராஜாக்கள். ரெண்டு பேரும் சிநேகம். சங்கனுக்குச் சிவன்தான் பெருசு, பத்மனுக்குத் திருமால்தான் பெருசு. வாதம் முத்துது. நம்ம ஃபேன் வார் எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. வாதம் தீராம அம்பாள்கிட்ட போறாங்க. அம்பாள் ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லல. சிவன்கிட்ட, நீங்களும் திருமாலும் ஒண்ணா இருக்கிற கோலத்தைக் காட்டணும்னு கேக்குறா. அதுக்குப் புன்னைவனத்துல தவம் இருக்கச் சொல்றார். கோமதியம்மன் ஒத்தைக் கால்ல நின்னு தவம் இருக்கா. ஆடி மாசத்துல வலப் பாதி சிவன், இடப் பாதி திருமாலா, சங்கரநாராயணரா காட்சி குடுக்கிறார். எங்க ஊர் ஆடித்தபசுங்கிறது இதுதான். தவக்கோலத்துல அம்மன் சப்பரம் வந்து நிக்க, எதிர்ல சாமி வந்து காட்சி குடுக்கிற நேரத்துல ரத வீதியில ஊசி போட இடம் இருக்காது. அம்மனுக்குக் கால் வலிக்குமேன்னு ஆடிச்சுத்து சுத்துறவங்களும் உண்டு. நூத்தியெட்டுச் சுத்து முடிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன்.

கோயில்ல சங்கரலிங்கம், சங்கரநாராயணர், கோமதியம்மன்னு மூணு சன்னதி. சங்கரநாராயணர் சன்னதியில விபூதியும் குடுப்பாங்க, தீர்த்தமும் குடுப்பாங்க. சின்ன வயசுல இருந்து கையில வாங்கினதுதான், அதுல ஒரு வாதத்தோட முடிவு இருக்குன்னு யோசிச்சதில்ல. உள்ள நாகசுனைன்னு ஒரு தீர்த்தம் இருக்கு, அந்த ரெண்டு நாகரும் உண்டாக்கினதுன்னு சொல்லுவாங்க. புத்துமண்ணைத்தான் பிரசாதமா எடுத்துட்டுப் போவாங்க. விஷக்கடி பயம் இருக்கிறவங்க பாம்பு, தேள் உருவம் வாங்கிக் காணிக்கை போடுவாங்க.

நம்பிக்கை உள்ளவங்களுக்கு இது சாமி கதை. எனக்கும் அப்படித்தான். ஆனா அந்த ராத்திரி ஆச்சி பக்கத்துல படுத்திருந்தப்போ வேற மாதிரி ஓடுச்சு. நாவலும் இதுவும் ஒரே ஜாதிக் கதை: மனுஷங்க இல்லாத ஜீவன்கள், ஒரு வாதம், ஒரு தவம், ஒரு வரம். ஆனா நடந்துக்கிற விதம் வேற. சங்கனும் பத்மனும் வாதத்தைத் தங்களுக்குள்ள வெச்சு வெட்டிக்கல. ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பிப் போயி, பதில் சொல்ல வேண்டியவங்க முன்னாடி நின்னாங்க. கிடைச்ச பதில்ல யாரும் தோக்கல. கதையில எங்கேயும் சங்கன் "சரி, திருமால்தான் பெருசு"ன்னு சொன்னதாவும் இல்ல, பத்மன் மாறினதாவும் இல்ல. ரெண்டு பேரும் அவங்கவங்க கட்சியிலயே இருந்துக்கிட்டு ஒரே தலத்துல தங்கிட்டாங்க.

லீவுல இன்னொண்ணும் செஞ்சேன். ஸ்கூல்ல மார்க்குக்காக மட்டும் படிச்ச திருக்குறளை எடுத்து நட்பு அதிகாரங்களைப் படிச்சேன். 79ல இருந்து 83 வரைக்கும், அஞ்சு அதிகாரம், 50 குறள். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. உரை இல்லாம எனக்குப் புரியாது, உரையோடதான் படிச்சேன். மத்த நாலு தலைப்பும் எதிர்பார்த்ததுதான். நடுவுல இருக்கிற பழைமைதான் என்னை நிறுத்திடுச்சு. நாள்பட்ட சிநேகத்துல ஒருத்தர் நம்மைக் கேட்காம, உரிமை எடுத்துக்கிட்டு ஒண்ணு செஞ்சுட்டா, அதை எப்படி எடுத்துக்கணுங்கிறதுதான் அந்த அதிகாரத்தோட விஷயம். நமக்கு வலிக்கிற மாதிரி செஞ்சாலும் ஒண்ணு அறியாமையா இருக்கும், இல்ல அதிக உரிமையா இருக்கும்னு எடுத்துக்கோங்கிறார் வள்ளுவர்.

ஃபேரி ராஜ்யத்துல இந்த அதிகாரத்துக்கு இடமே இல்லைன்னு தோணுச்சு. அங்க எல்லாமே கணக்கு. ஸ்காட்லாந்துக் கதைகள்ல ப்ரௌனின்னு ஒரு குட்டி ஃபேரி உண்டு. ராத்திரியில வீட்டு வேலை எல்லாம் செஞ்சு வெக்கும், ஒரு கிண்ணம் பால் வெச்சா போதும். அதுக்குத் துணி எடுத்துக் குடுத்தா அன்னையோட வீட்டை விட்டுப் போயிடும். ஹாரி பாட்டர் டாபி ஞாபகம் வரும் உங்களுக்கு. அந்த உலகத்துல குடுக்கலும் வாங்கலும் இப்படி எழுதாத சட்டத்துல நிக்குது. உரிமைங்கிற வார்த்தை அங்க கிடையாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஃபைனல் இயர்ல நாம எந்த ராஜ்யத்துல இருக்கோம்? முதல் வருஷத்துல அவ ரெக்கார்டு நோட்டை நான் எழுதினேன், என் டிராயிங் ஷீட்டை அவ போட்டா. யாரும் எண்ணிக்கிட்டு இல்ல. பிளேஸ்மென்ட் சீசன் வந்ததும் எண்ண ஆரம்பிச்சுட்டோம். யார் ரெஸ்யூமேயை யார் திருத்திக் குடுத்தா, யார் எந்த லிங்க்கை ஷேர் பண்ணினா, யார் பண்ணல. "நான் அவளுக்கு மூணு அனுப்பினேன், அவ எனக்கு ஒண்ணுதான்." இப்படிப் பேசுறவங்க கெட்டவங்க இல்ல. இடம் நாலு, ஆள் நானூறுங்கிற மாதிரி ஒரு விளையாட்டுல நம்மளை இறக்கிவிட்டா எல்லாரும் இப்படித்தான் ஆவோம். "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு வாக்கு வாங்கினவங்க எங்கேயோ நிம்மதியா இருப்பாங்க. ஹாஸ்டல் ரூம்ல ரெண்டு பேர் முகம் குடுத்துப் பேசாம இருப்பாங்க.

லீவு முடிஞ்சு வந்ததும் அவகிட்ட பேசினேன். நாவலை விட்டுட்டு நேரடியாவே பேசினேன். "நீ சொல்லியிருக்கணும்னு நான் இன்னமும் நினைக்கிறேன். 'காலேஜ் குரூப்ல வரல'ன்னு நீ சொன்னது லிங்க் குடுக்காததைவிட வலிச்சது. 'ஒண்ணு இருக்கு, ஆனா சொல்ல முடியாது'ன்னு சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன், ஆனா தாங்கியிருப்பேன்." அவ ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "அந்த சீனியர் எனக்கு ரெண்டாவது வருஷம் ஃபீஸ் கட்டக் கடன் குடுத்தவங்க. அவங்க சொல்லாதன்னு சொன்னா நான் எப்படிச் சொல்லுவேன்? உனக்குத் தெரிஞ்சா நீ கேப்ப, கேட்டா என்னால மறைக்க முடியாது. அதான் அப்படிச் சொன்னேன்."

ஃபீஸ் விஷயம் எனக்குத் தெரியாது. மூணு வருஷம் ஒரே ரூம்.

அவ இன்னமும் டாரின் கட்சி. வாக்குன்னா வாக்குதான்கிறா. நான் இன்னமும் ஜூட் கட்சி. நேரா கேட்டா நேரா பதில் வேணுங்கிறேன். இதுல யாரும் யாரையும் மாத்தல. ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இனி யாராவது "உனக்கு மட்டும், யாருக்கும் சொல்லாத"ன்னு ஒண்ணு குடுத்தா, "என் ரூம்மேட்டுக்குச் சொல்லுவேன், பரவாயில்லையா?"ன்னு முதல்லயே கேட்டுடணும். பரவாயில்லைன்னா வாங்கிக்கலாம். முடியாதுன்னா வாங்கிக்கிறதும் விடுறதும் அவங்கவங்க இஷ்டம், ஆனா ஒண்ணு வந்திருக்குன்னு மட்டுமாவது சொல்லிடணும். அதுக்கப்புறம் ஒரு தடவை இப்படி வந்துச்சு, அவளுக்கு. கேட்டா. அந்தப் பக்கம் இருந்தவங்க "சரி, அவளையும் சேர்த்து அனுப்பு"ன்னுட்டாங்க. அவ்வளவு சாதாரணமா. முதல் தடவையும் கேட்டிருந்தா இதே பதில்தான் வந்திருக்குமான்னு அவளும் யோசிச்சிருப்பா. நான் கேட்டுக்கல.

வேலை இன்னும் ரெண்டு பேருக்கும் கிடைக்கல. இதை எழுதும்போது அவ எதிர்க் கட்டில்ல உட்கார்ந்து ஆப்டிட்யூட் போட்டுக்கிட்டு இருக்கா.

அந்த ஏழு பேர்ல மத்தவங்க கருத்தும் இப்ப மாறியிருக்கலாம், கேக்கணும். மெக்கானிக்கல் தோழி "ஜூட்டுக்கு ஃப்ரெண்டே இல்ல"ன்னு சொன்னதை நான் இப்போ கொஞ்சம் நம்புறேன். ஜூட் எல்லாத்தையும் தனியா முடிவெடுக்கிறா, தனியா மறைக்கிறா. உளவாளியா சேர்ந்ததை டாரின்கிட்ட அவளும் சொல்லலைங்கிறதை எங்க ஜூட் கட்சியில யாரும் பெருசா பேசினதில்ல. ரெண்டு பேருமே ஆளுக்கொரு வாக்கைச் சுமந்துக்கிட்டு ஒரே வீட்ல நடந்தாங்க. நட்பைப் பத்தின நாவலா இதுன்னு கேட்டா, நட்புக்கு நேரம் குடுக்காத ஒரு ஊரைப் பத்தின நாவல்னு சொல்லுவேன். அதனாலதான் நமக்கு இவ்வளவு பிடிக்குதோ என்னவோ.

உங்க கருத்து என்னன்னு தெரிஞ்சுக்க ஆசை. டாரின் பக்கமா, ஜூட் பக்கமா? புத்தகம் படிக்காதவங்களும் எழுதலாம், உங்க ரூம்லயும் ஒரு டாரின் ஜூட் இருப்பாங்க. அடுத்த இதழுக்கு அனுப்புங்க. லாக்கைப் பத்தி எழுதுறவங்களுக்கு முதல் இடம்னு எடிட்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எங்க ஆச்சிக்கு அதைத்தான் படிச்சுக் காட்டணும்.